மதகடியில் இரண்டு சம்பந்திகள்

கடையில் பார்சல் கட்டும்போது பிசின் டேப்பைச் சுருளிலிருந்து வெடுக்கென்று இழுப்பார்கள். கிர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். மற்றவர்களுக்கு அது பார்சல். எனக்கு அந்த நொடியில் கடை இல்லை, அடுக்கி வைத்த மோட்டார்கள் இல்லை, தெருவில் பஸ்ஸின் ஹார்ன் இல்லை; கண்ணெதிரே தண்ணீர். வலது கை தானாக எழுந்து இல்லாத கம்பைப் பிடிக்கும். இடது கை இல்லாத கைப்பிடியைத் தேடும். "என்னண்ணே, கரண்டு அடிச்சிருச்சா?" என்று வாடிக்கையாளர் ஒருவர் பதறிப்போய்க் கேட்டார். பம்ப்செட் மோட்டார் விற்கிற கடையில் அப்படிக் கேட்பது நியாயம்தான். அடித்ததும் உண்மைதான். ஆனால் அடித்தது கரண்டு இல்லை, போன ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று.

ரீல் வைத்த தூண்டில்காரர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பெரிய மீன் இரையைக் கவ்விக்கொண்டு ஓடும்போது தூண்டில் நரம்பு அறுந்துவிடாமல் இருக்க, ரீல் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பை அவிழ்த்துவிடும். அவிழ்க்கும்போது கத்தும். அழுகிறதா சிரிக்கிறதா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை.

எங்கள் ஏரி, கல்லணையிலிருந்து புதாற்றில் வருகிற தண்ணீரை வாய்க்கால் வழியாக வாங்கி நிறைகிற அரசாங்க ஏரி. கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் குறுவை. ஆவணியில் கரைமேல் நடந்தால் இடது கண்ணுக்கு வானமும் வலது கண்ணுக்கு வயலும் கிடைக்கும். காற்றடித்தால் இரண்டும் ஒரே மாதிரி அலை அடிக்கும். மீன் பிடிக்கிற உரிமை, அதாவது மீன்பாசிக் குத்தகை, ஒரு கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கிறது. வலை போடக் கூடாது, தூண்டில் போடலாம் என்று எங்களை விட்டிருக்கிறார்கள். ஜிலேபி மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சங்கம் குஞ்சு விட்டு வளர்க்கிற கட்லாவும் ரோகுவும் மாட்டினால் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். அதனால் நாங்கள் பெரிய மீன் பிடித்த நாள்தான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற நாள்.

என் மனைவிக்கு இது ஜன்மத்துக்கும் விளங்காது. "நாகப்பட்டினத்துலேர்ந்து ஐஸ் பொட்டி வாசலுக்கே வருது. வஞ்சிரமா, பாறையா, சொன்னா வெட்டியும் குடுத்துட்டுப் போறான். நீங்க என்னடான்னா காலையில போயி ஒரு மீனைப் புடிச்சு, நலம் விசாரிச்சுட்டு, திருப்பி அனுப்பிட்டு வர்றீங்க" என்பாள். இரைக்காக நான் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசையும்போது மணத்துக்குக் கொஞ்சம் ஏலக்காய் நுணுக்கிப் போடுவேன். அதற்குத் தனி வசவு: "இந்த வீட்டுல பாயசத்துக்கு ஏலக்காய் இல்ல. மீனுக்கு இருக்கு."

இருந்தும் ஞாயிறு விடிந்தால் என்னால் வீட்டில் இருக்க முடியாது. ஒரு இடத்தில் அரை மணி உட்கார முடியாத ஆள் நான். கடையில் ஸ்டூலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பேன். அப்படிப்பட்டவன் பொறுமை கேட்கிற விளையாட்டுக்கு ஏன் போனான் என்று கேட்டால், தண்ணீரும் என்னைப்போல ஓரிடத்தில் உட்காராத ஜாதி என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கரையில் நான்தான் அடிக்கடி நரம்பைச் சுருட்டிப் பார்க்கிறவன். வீசின இடம் பிடிக்காமல் திரும்ப வீசுகிறவன். "ஒங்க தூண்டில்ல மாட்டணும்னா மீனு ஓடிவந்து ஏறணும்ணே, ரன்னிங்ல பஸ் ஏறுற மாதிரி" என்று கண்டக்டர் சொல்வார். அவர் நிஜமாகவே பஸ் கண்டக்டர். ஓய்வு நாளில் ஏரிக்கு வருவார், சட்டைப்பையில் விசிலோடு.

எங்கள் கரைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாருடைய ரீல் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவன் தன் நரம்பை உடனே சுருட்டிவிட்டு, நீளக் காம்பு வைத்த கைவலையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியாக வேண்டும். இரண்டு பேருக்கும் கோர்ட்டில் வழக்கு நடந்தாலும் இறங்க வேண்டும். இறங்கிய நேரத்திலிருந்து மீன் வலைக்குள் வருகிறவரை வலைக்காரன் சொல்வதுதான் நடக்கும். கம்பு பிடித்திருப்பவன் மறுபேச்சுப் பேசக் கூடாது. வயது, உறவு, பதவி எதுவும் அந்த நேரத்தில் செல்லாது. ஊரே கும்பிடுகிற டாக்டர் ஒருவரைக் கண்டக்டர் ஒருமுறை, "யோவ், கம்பைத் தூக்குய்யா, கடப்பாரை புடிச்ச மாதிரி நிக்கிறே" என்று அதட்டினார். டாக்டர் மூச்சுவிடாமல் தூக்கினார். மீன் வந்ததும் கண்டக்டர், "சார், டீ சாப்பிடுறீங்களா?" என்றார்.

என் சம்பந்தியை எனக்குத் தெரியவந்ததே இந்தக் கரையில்தான். நெல் அறுக்கிற மெஷின்களை வாடகைக்கு விடுகிறவர். குறுவை அறுப்பு தொடங்கிவிட்டால் மன்னார்குடி, திருவாரூர் என்று மெஷின்களோடு போய்விடுவார். ஆளைப் பார்க்கவே முடியாது. மற்ற நாட்களில் மதகுப் படியில் எனக்குப் பக்கத்துப் படி அவருடையது. நான் ஆடிக்கொண்டே இருப்பேன், அவர் கல்லில் அடித்துவைத்த மாதிரி உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு மகன், எனக்கு ஒரு மகள். தூண்டில் போட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசிய பேச்சில் போன தை மாதம் கல்யாணம் முடிந்தது.

மறுவீட்டு விருந்து எங்கள் வீட்டில். வாழையிலை போட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் அடுக்களையில் குழம்புக்காக நின்றிருந்தேன். வெளியே சம்பந்தி, தான் தனியாகப் போன ஒரு விடியற்காலையில் ஒரு ரோகு மாட்டிய கதையைச் சொல்லியிருக்கிறார். இலைக்கு மேலே இரண்டு கையையும் விரித்து, "இவ்வளவு" என்று காட்டியிருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த என் மைத்துனன், மீனைக் குழம்பில் துண்டாகப் பார்த்ததைத் தவிர வேறெங்கும் பார்க்காதவன், சும்மா இருந்திருக்கலாம். "மாமா, அந்த மீனுக்குப் பட்டா சிட்டா இருக்கா? சர்வேயரைக் கூட்டியாந்து சங்கிலி போட்டு அளந்தாத்தான் நம்ப முடியும்" என்றுவிட்டான். பந்தி முழுக்கச் சிரிப்பு. குழம்பு வாளியோடு நான் வெளியே வந்தபோது சிரிப்பின் வால்தான் எனக்குக் கேட்டது. சம்பந்தி விரித்த கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே இலையை மூடினார். எழுந்துவிட்டார். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு மன்னிப்புக் கேட்டான். நானும் என் மனைவியும் பழம் வாங்கிக்கொண்டு நேரிலேயே போனோம். "நான் கோவிச்சுக்கவே இல்லியே" என்று சிரித்த முகமாகச் சொன்னார். கோபத்தில் அதுதான் ரொம்ப ஆபத்தான ரகம். கத்துகிறவரைச் சமாதானம் செய்யலாம். கோபமே இல்லை என்கிறவரிடம் எதைத் தணிப்பது? ஏரியிலும் மதகுப் படியை விட்டுவிட்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டார். தூரத்தில் அவருடைய குடை ஒரு கருப்புப் புள்ளியாகத் தெரியும். நான் கை தூக்கினால் புள்ளி அசையாது.

மகளிடம் மட்டும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவள் உண்டானதும் ஆஸ்பத்திரிக்கு அவரே காரோட்டிக் கூட்டிப்போனார். புளிப்பு கேட்டால் எங்கிருந்தாவது மாங்காயோடு வந்து நிற்பார். ஆவணியில் ஒரு புதன்கிழமை வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் வளைகாப்பு புகுந்த வீட்டில் நடக்கும். முடிந்ததும் நாங்கள் கார் அனுப்பிப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவருவோம். மாமனார் அதே காரில் கூட வந்து, பெண்ணை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போவது முறை. அவர் வராமல் பெண் மட்டும் வந்தால் ஊர் கேட்கும். ஊர் கேட்பதுகூடப் போகட்டும்.

அதற்கு முந்தின சனிக்கிழமை மகள் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, மாமா கார்ல வரமாட்டாங்களாம். மெஷின் டிரைவர் அன்னிக்கு வர்றான், எஞ்சின் பாக்கணும்னு சொல்றாங்க."

"நெசமாவே வேலை இருக்கும்மா."

"மெஷின் ஷெட்டுலதான்பா நிக்குது. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. நான் போயி பாத்துட்டேன்."

"இந்த வயித்தோட மெஷின் ஷெட்டுக்கு எதுக்குப் போனே?"

"அதை விடுங்க. அவங்க கொண்டாந்து விடலன்னா நான் நம்ம வீட்டுல காலெடுத்து வைக்க மாட்டேன். இங்கயே பெத்துக்கறேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அழுவாங்க. நீங்க ஏரியில பாத்துப் பேசுங்கப்பா."

ஏரி என்றால் எதிர்க்கரை. எதிர்க்கரைக்கு நடந்துபோய் அவர் குடைக்குப் பக்கத்தில் நின்று எதைப் பேசுவது என்று அன்றிரவு முழுக்க யோசித்து, வழக்கத்தைவிட ஏலக்காயை இரண்டு மடங்காக நுணுக்கிப் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காற்று எனக்காக வேலை செய்திருந்தது. ஏரியில் மிதக்கிற ஆகாயத்தாமரை முழுவதையும் ஒரே இரவில் எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டுபோய் ஒட்டியிருந்தது. அங்கே தண்ணீரே தெரியவில்லை; ஊதாப் பூப்போட்ட பச்சைப் பாய். நரம்பு வீச இடம் மதகடியில் மட்டும்தான் இருந்தது. புதாற்றுத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. முக்குளிப்பான் பறவை ஒன்று மூழ்குவதும், தப்பான ஊரில் இறங்கிய ஆள்போலத் தலைநீட்டித் திருதிருவென்று பார்ப்பதுமாக இருந்தது. நானும் கண்டக்டரும் படியில் இருந்தோம்.

கரைமேல் சம்பந்தியின் பைக் வந்தது. எதிர்க்கரைவரை போனது. நின்றது. திரும்பியது. மதகுப் பக்கம் வந்து நின்ற பிறகும் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த எஞ்சினுக்குள் ஒரு மனிதர் தன்னோடு சண்டை போடுவது எனக்குக் கேட்டது. கடைசியில் அணைத்துவிட்டு இறங்கி வந்தார், தூண்டில் ராடையும் குடையையும் இடுக்கிக்கொண்டு.

"வாங்க சம்பந்தி" என்றேன்.

அவர் கண்டக்டரைப் பார்த்தார். "இந்தப் படியில யாராவது வர்றாங்களா கண்டக்டர்?"

கண்டக்டர் என்னைப் பார்த்தார். "அண்ணே, மெஷின் அண்ணன் கேக்கறாரு, இந்தப் படியில யாராவது வர்றாங்களான்னு."

"அது அவரோட படிதானேன்னு சொல்லுங்க."

"அது ஒங்க படிதானாம்."

சம்பந்தி உட்கார்ந்தார். அவருக்கும் எனக்கும் நடுவே கண்டக்டர், எல்லைக்கல் மாதிரி. சம்பந்தி இரையை உருட்டி, அவசரமே இல்லாமல் வீசினார். நரம்பு காற்றில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போனது. நான் என் நரம்பைச் சுருட்டினேன். திரும்ப வீசினேன். பிடிக்கவில்லை. சுருட்டினேன்.

"கண்டக்டர், அப்படிச் சும்மா சும்மா சுருட்டினா இந்தப் பக்கம் மீனு வராதுன்னு சொல்லுங்க."

"அண்ணே, சுருட்டாதீங்களாம்."

"சுருட்டலைன்னு சொல்லுங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு ராத்திரி தூக்கம் வருதான்னு கேளுங்க."

"பொண்ணு தூங்குதான்னு கேக்கறாரு."

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லி டாக்டரம்மா சொல்லிருக்காங்க, இப்ப தூங்குதுன்னு சொல்லுங்க."

"இடது பக்கமாத் தூங்குதாம்."

"புதன்கிழமை எஞ்சின் பாக்குற வேலையை வியாழக்கிழமை வெச்சுக்கக் கூடாதான்னு கேளுங்க."

இதற்குக் கண்டக்டர் திரும்பினார். சம்பந்தி தண்ணீரைப் பார்த்தார். தண்ணீர் யாரையும் பார்க்கவில்லை. கண்டக்டர் நரம்பைச் சுருட்டி, ராடைத் தாங்கு குச்சியில் சாய்த்துவிட்டு எழுந்தார்.

"பஸ்சுல அறுவது பேருக்கு டிக்கெட் குடுக்கறேன், இவ்வளவு வாய் வலிச்சதில்ல. ரெண்டு பேரும் ஒரே சீட்டுல ஒக்காந்துக்கிட்டு நடுவுல என்னை நிக்க வெக்கறீங்க. நான் போயி டீ வாங்கியாறேன். ஸ்டாப்பிங் வந்தா நீங்களே எறங்கிக்கங்க."

அவர் போனதும் நடுவில் ஒரு ஆள் அளவுக்கு வெற்றிடம். அதை நிரப்ப நான் படாத பாடு பட்டேன். தொண்டையைச் செருமினேன். "காத்து நல்லா இருக்கு" என்றேன், காற்றைப் பார்த்து. கரைக்கு அந்தப் பக்கம் குறுவைக் கதிர்கள் பால் பிடித்து, தலை கனத்து, ஒன்றோடொன்று ஏதோ உரசிப் பேசிக்கொண்டிருந்தன. ஒரே வயலில் நிற்பதால் அவற்றுக்குப் பேசித்தான் தீரவேண்டும். நாங்களும் ஒரே படியில்தான் இருந்தோம். மீன்கொத்தி ஒன்று மதகின் திருகுக் கம்பியில் வந்து உட்கார்ந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, இது தேறாது என்பதுபோலப் பறந்துபோனது. புதன்கிழமைக் கார் என் கண்ணுக்குள் வந்து நின்றது. முன் சீட்டு காலி. என் மகள் இறங்கவில்லை.

அப்போதுதான் கத்தியது.

கிர்ர்ர்ர்ர். என் ரீல் இல்லை. சம்பந்தியின் கம்பு வில்லாகி, நுனி தண்ணீரைத் தொட்டது. அவர் எழுந்துவிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் அவருடைய ரீல் ஏரிக்கே கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் என் நரம்பை ஒரே மூச்சில் சுருட்டினேன். வலையை எடுத்தேன். செருப்பைக் கழற்றக்கூட மறந்து படியிறங்கினேன். முழங்கால், தொடை, இடுப்பு. ஆவணித் தண்ணீர் குளிர்ச்சியாக வேட்டியைப் பிடித்து இழுத்தது. இனி நான் வலைக்காரன்.

"கம்பைத் தூக்குங்க!"

தூக்கினார்.

"சுத்தாதீங்க, ஓடட்டும். ஓடி அலுக்கட்டும்!"

கையை எடுத்தார். நரம்பு ஓடியது. மீன் நேராக ஏரியின் நடுவைப் பார்த்துப் போய், பிறகு சட்டென்று பக்கவாட்டில் திரும்பியது. கரையோரம் காற்றுக்குத் தப்பி ஒதுங்கியிருந்த ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்றை நோக்கி. வேருக்குள் புகுந்துவிட்டால் கதை முடிந்தது. சம்பந்திக்குப் பதற்றம் வந்து ரீலை இறுக்கிச் சுற்ற ஆரம்பித்தார். கல்லில் அடித்துவைத்த மனிதருக்குப் பதற்றம் வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"யோவ் சம்பந்தி! நரம்பு அறுந்துபோவும்யா! கம்பை வலப்பக்கம் சாய்! இன்னும் சாய்! அப்படியே பின்னாடி நட!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதுக்கு அது எட்டியது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் "யோவ்." ஆனால் அவர் சாய்த்தார். பின்னால் நடந்தார், படியில் தடுக்கி, சமாளித்து, மறுபடி நடந்தார். மீனின் தலை கொத்துக்கு ஒரு முழம் முன்னால் திரும்பியது. மெதுவாக என் பக்கம் வந்தது. தண்ணீருக்குள் முதலில் ஒரு வெளிச்சம் தெரிந்தது, யாரோ கண்ணாடியைப் புரட்டுகிற மாதிரி. பிறகு செதில், பிறகு அகன்ற வாய். வயிறு பெருத்த கட்லா.

"இப்ப சுத்து. மெள்ள. மெள்ள. நிறுத்து!"

வலையை அடியில் கொடுத்துத் தூக்கினேன். என்னால் ஒரு கையால் தாங்க முடியவில்லை. சம்பந்தி ராடைப் படியில் போட்டுவிட்டுத் தடதடவென்று தண்ணீரில் இறங்கிவந்தார், சட்டையோடு. வலையின் வளையத்தை நான் ஒரு பக்கம் பிடிக்க, அவர் மறுபக்கம் பிடித்தார். நடுவில் மீன் வாயைத் திறந்து மூடி, எங்கள் இருவரிடமும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. போட்டோ எடுக்க வழியில்லை. இரண்டு பேர் போனும் பைக் பெட்டிக்குள். இரண்டு பேருக்கும் கை ஒழியவில்லை.

அவர் தூண்டில் முள்ளைப் பதமாகக் கழற்றினார். பிறகு ஒரு காரியம் செய்தார். மீனைத் தண்ணீருக்குள் வைத்தபடியே தன் இடது கையை அதன் ஓரமாக நீட்டினார். வால் நுனியை விரல் நுனியில் பொருத்தி, வாய் எதுவரை வருகிறது என்று பார்த்தார். தோளுக்குக் கொஞ்சம் கீழே, அம்மை குத்திய தழும்பில் வந்து நின்றது. தலையை ஆட்டிக்கொண்டார். வலையைச் சாய்த்தார். கட்லா ஒரு நொடி சும்மா நின்றது. பிறகு வாலால் எங்கள் இருவர் முகத்திலும் அடித்துவிட்டுப் போயிற்று.

நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் உதடு கோணியது. ஆனால் மீன் போனதோடு சட்டமும் போயிற்றே. படியேறினார். சட்டையைப் பிழிந்தார். இரை உருட்ட உட்கார்ந்தார். மறுபடியும் கல். நானும் வேட்டியைப் பிழிந்துகொண்டு என் படியில் உட்கார்ந்தேன். ஒரு வலை அளவுக்கு நெருங்கி வந்தவர் ஒரு ஏரி அளவுக்குத் தள்ளிப்போன மாதிரி இருந்தது.

கண்டக்டர் டீ பிளாஸ்க்கோடு வந்தார். நனைந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, ஒருத்தரை ஒருத்தர் தள்ளி விட்டுக்கிட்டீங்களா? நான் இல்லாதப்பவா?"

"கட்லா" என்றேன். "சம்பந்திக்கு மாட்டுச்சு. நான் வலை புடிச்சேன்."

"எவ்வளவு பெருசு?"

அந்த நேரத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. மனிதர் மனம் குளிரட்டும். அவர் மீனை ஊரறியப் பெரிதாக்குவோம். இரண்டு கையையும் எட்டுகிற மட்டும் விரித்தேன். "இவ்வளவு!" போதாது என்று தோன்றி இன்னும் கொஞ்சம் விரித்தேன்.

"இல்ல" என்றார் சம்பந்தி.

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"அவ்வளவு இல்ல." எழுந்தே விட்டார். கண்டக்டர் பக்கம் அல்ல, என் பக்கம் திரும்பி நின்றார். "ஏன் சம்பந்தி பொய் சொல்றீங்க? வலையைப் புடிச்சிக்கிட்டு ஒங்க கண்ணு முன்னாடிதானே அளந்தேன்? விரல் நுனியிலேர்ந்து இந்த அம்மைத் தழும்பு வரைக்கும். அதுக்கு மேல ஒரு நூல் கிடையாது." ஈரக் கையை நீட்டித் தழும்பைத் தட்டிக் காட்டினார்.

கண்டக்டர் டீயை ஊற்றுவதை நிறுத்திவிட்டார். "புடிச்ச ஆளே மீனைக் குறைக்கிறாரு. ஏரியில இதை நான் பாத்ததே இல்லண்ணே."

"குறைக்கல. அளவு அளவுதான். அன்னிக்கும் நான் அளவைத்தான் காமிச்சேன்."

எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே மூன்று பேருக்கும் தெரிந்தது. நான் தூண்டில்காரன் தூண்டில்காரனிடம் கேட்பதைக் கேட்டேன்.

"அந்த ரோகு எதுவரைக்கும் வந்துச்சு சம்பந்தி?"

அவர் என்னைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது. பழத்தோடு போன நாங்கள்கூட மன்னிப்புத்தான் கேட்டோம், மீனைக் கேட்கவில்லை. அவர் கையை நீட்டி, முழங்கைக்கு மேலே இரண்டு விரலை வைத்தார். "இதுவரைக்கும்."

"அவ்வளவுதானா?" என்றார் கண்டக்டர். "அது சாதாரண மீனுதானேண்ணே! அதுக்கா பந்தியே சிரிச்சுது?"

"அதைத்தான்யா நானும் கேக்கறேன்!" சம்பந்தியின் குரல் மதகில் மோதித் திரும்பிவந்தது. "நான் பெரிசாச் சொல்லியிருந்தா சிரிக்கட்டும். முழங்கைக்கு மேல ரெண்டு விரல் மீனுக்குச் சர்வேயராம்! சிங்கப்பூர்ல அந்தப் புள்ளைக்கு எவ்வளவு சின்ன மீனைக் குடுக்கறாங்கன்னு தெரியல."

முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு உண்டு. கண்டக்டர், தான் இல்லை என்கிறார். நான் சிரித்த சிரிப்பில் டீ பிளாஸ்க்கைத் தட்டிவிடப் பார்த்தேன். சம்பந்தி சிரிக்கக் கூடாது என்று ரொம்பப் பாடுபட்டு, முடியாமல், குனிந்து, முழங்காலில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நனைந்த சட்டை முதுகில் குலுங்கியது.

பிறகு டீ குடித்தோம். அவர் என் இரைக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்துபார்த்தார். "கல்யாண வீடு மாதிரி மணக்குது. மீனு பயந்து ஓடாம என்ன செய்யும்?" என்றார். என் உருண்டையைக் கலைத்து, அவருடைய மாவில் பாதி கலந்து, புதிதாக உருட்டிக் கொடுத்தார். அன்று எனக்கு இரண்டு ஜிலேபி மாட்டியது. "யோவ்" என்று சொன்னதற்கு வருத்தம் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். "வலைக்காரன் பேச்சு தண்ணிக்குள்ளேயே போச்சு சம்பந்தி" என்று அவரே முடித்துவிட்டார். கண்டக்டர் நடுவிலிருந்து எழுந்து ஓரத்துப் படிக்குப் போய்விட்டார். எங்கள் இருவர் நரம்பும் பக்கத்துப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. வெயில் ஏறிப் பச்சைப் பாயின் ஊதாப் பூக்கள் சோர்கிறவரை இருந்தோம். ஆனால் புதன்கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசினால் நரம்பு அறுந்துவிடுமோ என்று பயம்.

கிளம்பும்போது கரைமேல் ராடுகளைப் பிரித்துப் பையில் போட்டோம். அவர் குடையைப் பைக்கின் பக்கவாட்டில் கட்டினார். ஹெல்மெட்டை மாட்டினார். சாவியைத் திருகினார். இதற்கு மேல் தள்ளிப்போட ஒன்றும் மீதமில்லை.

"புதன்கிழமை காலையில கார் அனுப்பறேன் சம்பந்தி" என்றேன்.

அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஹெல்மெட் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"பெரிய காரா அனுப்புங்க! பின்னாடி பொண்ணு காலை நீட்டி ஒக்காரட்டும், நான் டிரைவர் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்!"